வன்னியில் காணி விலையை ஏற்றியது வீட்டிலிருந்து வேலை செய்கிற பெடியளா?

வட்டக்கச்சியான்

நேற்று ஒரு காணித் தரகரின் வீடியோ பார்த்தேன். ஆள் கொழும்பு. பரந்தனில் இருந்து முறிகண்டி வரை ஏ9 வீதியில் காரில் போய்க்கொண்டே கதைக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்கிற இளைஞர்கள் டொலரில் உழைக்கிறார்களாம். கிளிநொச்சியில் காணி விலையை ஏற்றியது அவர்கள்தானாம். இனிச் சாதாரண சனம் அங்கே காணி வாங்க ஏலாதாம். கொழும்பு நகரமே வன்னிக்கு வந்துகொண்டிருக்கிறதாம்.

அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அவர் சொல்கிற டொலர்க்காரரில் நானும் ஒருவன். அவுஸ்திரேலியாவில் இருக்கிற சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சிட்னியில் காலை 9 மணி என்றால் எங்களுக்கு விடியப்புறம் நாலரை. அங்கே கோடைகாலத்தில் மணிக்கூட்டை மாற்றினால் மூன்றரை. அந்த நேரத்துக்கு எழும்பி உழைத்துத்தான் அப்பாவின் விதைப்புக் கடனைக் கட்டினேன், கிணற்றுக்கு மோட்டர் போட்டேன், தங்கச்சியைப் படிப்பிக்கிறேன். ஒரு பரப்புக் காணிகூட வாங்கவில்லை. காணி விலையை ஏற்றியது நாங்கள் என்று சொல்வது பச்சைப் பொய்.

கொழும்பு இங்கே வரவும் இல்லை. வன்னியில் பிறந்த பிள்ளைகள் சிலர் வன்னியிலேயே இருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. அதையும் குற்றமாக்குகிறார்கள்.

அக்கராயன் கமக்காரன்

தம்பி, நீர் வாங்கவில்லை என்றால் ஒருவரும் வாங்கவில்லை என்று ஆகிவிடுமா?

மகளுக்குக் கிளிநொச்சி டவுனுக்குக் கிட்ட ஒரு வீட்டுக்காணி பார்க்கிறேன். போகிற இடமெல்லாம் தரகர் சொல்வது ஒரே கதை: "ஐயா, ஒன்லைனில் வேலை செய்கிற பெடியன் ஒருவன் கேட்டிருக்கிறான், அவன் கூடத் தருவான்." நெல்லை விற்றுக் காசு பார்க்கிறவன் அந்தப் பெடியனோடு எப்படிப் போட்டி போடுவது? 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது. உங்களுக்கு ஒரே வருஷத்தில் சம்பளம் பெருகியது. எங்களுக்கு அதே வருஷம் யூரியா இல்லை, டீசல் இல்லை. காணி விலையை ஏற்றியது டொலர்தான். டொலர் யாருடைய கையில் இருக்கிறதோ, அவர்தான் ஏற்றினார்.

வட்டக்கச்சியான்

ஐயா, அந்தப் பெடியன் தரகரின் வாயில் மட்டும்தான் இருக்கிறான். முன்பு இதே தரகர்மார் "கனடாக்காரர் கேட்டிருக்கிறார்" என்றார்கள். அதற்கு முன்பு "பாங்க்குக்குக் காணி பார்க்கிறார்கள்" என்றார்கள். விலையைக் கூட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இப்போது அந்த ஆளாக எங்களைப் பிடித்திருக்கிறார்கள். ஏ9 ஓரத்தில் மாடிக்கட்டடம் கட்டுகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாதா? லண்டனில் 30 வருஷம் உழைத்தவர், கனடாவில் வீடு விற்றவர், சுவிஸில் கடை வைத்திருப்பவர். காணி விலையை ஏற்றியது வெளிநாட்டுக் காசு.

டொலர் 360 போன கணக்கையும் முழுக்கச் சொல்லுங்கள். அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் லப்ரொப் ஓடாது. எத்தனை பெடியள் அந்த நேரம் வேலையை இழந்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

ஸ்காபரோ மல்லாவி

எங்களை ஏன் இழுக்கிறீர் தம்பி? நான் மல்லாவியில் பிறந்தவன். என் காசில் என் ஊரில் காணி வாங்கினேன். அம்மா இருக்கிறதுக்கு ஒரு வீடு கட்டினேன். அதில் வேலை செய்த மேசனும் தச்சனும் எங்கட ஊர்ப் பிள்ளைகள். சண்டைக்காலத்திலும் அதற்குப் பிறகும் வன்னிக்குச் சோறு போட்டது யாருடைய காசு? இப்போது நாலு பேர் லப்ரொப்பைத் திறந்ததும் நாங்கள் காணி விலை ஏற்றினவர்கள் ஆகிவிட்டோம்.

வட்டக்கச்சியான்

சோறு போட்டதை நான் மறுக்கவில்லை. காணியைப் பற்றித்தான் கேட்கிறேன். வாங்கிய காணியில் வருஷத்தில் எத்தனை நாள் நிற்கிறீர்கள்? சுற்றிவர மதில், இரும்புக் கேற், பூட்டு. உள்ளே பற்றை. மழைக்காலத்தில் நுளம்பு அங்கேதான் பெருகுகிறது. நான் இங்கேயே இருக்கிறேன். சங்கக்கடையில் சாமான் வாங்குகிறேன், இந்த ஊர் மோட்டார் சைக்கிள் கடையில் திருத்துகிறேன், கோயில் திருவிழாவுக்கு உபயம் கட்டுகிறேன். ஊருக்கு எது தேவை, பூட்டிய கேற்றா, இருக்கிற ஆளா?

ஸ்காபரோ மல்லாவி

என் கேற் பூட்டியிருக்கிறது என்று உமக்கு யார் சொன்னது? அம்மா இருக்கிறா என்று மேலே தமிழில்தானே எழுதியிருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசி

இரண்டு பக்கமும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். இதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் புளூமும் அர்ஜுன் ரமணியும் 2021இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவின் பெருநகரங்களில் நடு நகரத்து வாடகையும் வீட்டு விலையும் புறநகரோடு ஒப்பிடும்போது விழுந்தன. நடுவை விட்டு வெளிக்கிட்டவர்கள் தூரத்துக் கிராமத்துக்குப் போகவில்லை, பெரும்பாலும் அதே நகரத்தின் புறநகருக்குத்தான் போனார்கள். அதற்கு டோனட் விளைவு என்று பெயர் வைத்தார்கள். எங்கட உழுந்துவடை மாதிரித்தான், நடுவில் ஓட்டை, சுற்றிவரத் தடிப்பு.

காரணமும் விளங்கக்கூடியது. பெரும்பாலான கம்பனிகள் முழுக்க வீட்டில் விடுவதில்லை. கிழமையில் இரண்டு மூன்று நாள் கந்தோருக்கு வரச் சொல்கின்றன. அமேசன் 2025 ஜனவரியில் இருந்து ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் கந்தோர் போகிறவன் கொழும்புக்குக் கிட்ட மாலபேயில் இருக்கலாம், வத்தளையில் இருக்கலாம். முந்நூறு கிலோமீற்றருக்கு அங்கால் கிளிநொச்சியில் இருக்க ஏலாது. ஆகவே வன்னியில் காணி விலையை வீட்டிலிருந்து வேலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நீங்கள் இல்லாத ஒன்றுக்குச் சண்டை பிடிக்கிறீர்கள்.

வட்டக்கச்சியான்

ஐயா வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நான் இல்லை என்று நிரூபிக்கிறார். நன்றி.

உங்கட அமெரிக்கக் கட்டுரை கந்தோர் உள்ள நகரத்துக்குப் பொருந்தும். என்னுடைய கந்தோர் சிட்னியில் இருக்கிறது. கிழமையில் இரண்டு நாள் சிட்னிக்குப் போகச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. கொழும்புக் கம்பனியில் வேலை செய்கிறவனுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் வடை சுடுகிறீர்கள். எனக்கு மாலபேயும் ஒன்று, வட்டக்கச்சியும் ஒன்று. வட்டக்கச்சியில் அம்மாவின் சோறு இருக்கிறது, வாடகை இல்லை.

கிளிநொச்சியின் ஓட்டை வேறு மாதிரி. அது பகலில் நிறைந்து இரவில் காலியாகிற டவுன். விடிய யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்சிலும் ரயிலிலும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வந்து இறங்குவார்கள், பின்னேரம் நாலு மணிக்குக் கந்தோர் வாசலில் வரிசை கட்டி நின்று திரும்பிப் போய்விடுவார்கள். சம்பளம் இங்கே, செலவு அங்கே. அவர்கள் இங்கே ஒரு தேத்தண்ணியும் ஒரு வடையும்தான் வாங்குகிறார்கள். மகனின் ரியூசன் காசு, மரக்கறிக் காசு, வீட்டு வாடகை எல்லாம் ஆனையிறவுக்கு அங்கால். 2009க்குப் பிறகு இந்த டவுன் எழும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். நாங்கள்தான் முதன்முதலாக, கை நிறையச் சம்பளம் எடுத்துக்கொண்டு இரவிலும் இங்கேயே நிற்கிற கூட்டம். ஆறு மணிக்குப் பிறகு டிப்போச் சந்திப் பக்கம் கொத்துக்கடையில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

நல்லூரடி

இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் அப்படி விடிய வருகிற உத்தியோகத்தரில் ஒருவன். கிளிநொச்சியில் சேவை செய்கிறேன். நாங்கள் வராவிட்டால் உங்கட பிறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பது யார்? 2022இல் பெற்றோல் இல்லாத நேரம், ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆரில் அளந்து கொடுத்த காலத்திலும் நாங்கள் வந்தோம். காங்கேசன்துறையில் இருந்து முறிகண்டி வரை யாழ் ராணி ரயில் விட்டதே எங்களை ஏற்றுவதற்குத்தான். அந்த ரயிலில் நின்றபடி வந்து வேலை செய்தவர்களைப் பார்த்து ஒரு வடையும் தேத்தண்ணியும் என்கிறீர்.

காணி விலை பற்றியும் சொல்கிறேன். எங்களில் பலர் இங்கே குடியேற விரும்பினோம். வாடகை கேட்டால் யாழ்ப்பாணத்து வாடகையை விடக் கூடச் சொல்கிறார்கள். விலையை ஏற்றியது உங்கட பெடியள்தான். தண்ணியும் நல்லதில்லை, நல்ல பள்ளிக்கூடமும் இல்லை, அதற்குள் இந்த விலை.

வட்டக்கச்சியான்

நல்ல பள்ளிக்கூடம் ஏன் இல்லை? படிப்பிக்கிறவர் இரண்டு மணிக்குப் பஸ் பிடிக்க ஓடுவதால்! பின்னேர வகுப்பு எடுக்க ஆள் இல்லை. விளையாட்டுப் பயிற்சிக்கு ஆள் இல்லை. இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் போட்டபடியே வேலை செய்கிறீர்கள். 2022 ஜூனில் அரசாங்கம் உத்தியோகத்தரை இரண்டு கிழமை வீட்டில் இருந்து வேலை செய்யச் சொன்னது, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவும் தந்தது. அப்போது எங்கட பக்கத்துக் கந்தோருக்குக் காணிப் பிரச்சினைக்குப் போன சனம் பூட்டிய கதவைத்தான் பார்த்தது. உங்களுக்கும் வீட்டிலிருந்து வேலை கிடைத்தது. என்ன வேலை நடந்தது?

நல்லூரடி

பத்திரத்தில் நேரடியாக ஒப்பமிட வேண்டிய வேலையை வீட்டில் இருந்து எப்படிச் செய்வது? உமக்குக் கந்தோர் வேலை என்றால் என்ன என்று தெரியாது.

நெடுங்கேணி மகள்

நீங்கள் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை. அண்ணை தானாகவே வெளிநாட்டு ஆட்களைப் பிடித்து வேலை செய்கிறார். கொழும்புக் கம்பனியில் சம்பளத்துக்கு இருப்பது வேறு. தங்கச்சிமார் பகுதிநேரமாகத் தரவு பதிவது வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வவுனியா வளாகம் பல்கலைக்கழகமாவதற்கு முன்பு பம்பைமடுவில் படித்தேன். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் சேர்ந்தேன். 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்ட நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், கம்பனி வீட்டில் இருந்தே செய்யச் சொன்னது. எங்கட வளவில் சிக்னல் வருகிறது ஒரேயொரு பாலை மரத்தடியில். அங்கே கதிரையும் குடையும் போட்டு, போனில் இருந்து லப்ரொப்புக்கு இன்ரநெற் எடுப்பேன். கரண்ட் போனால் முதலில் லப்ரொப் தாங்கும். கொஞ்ச நேரத்தில் ரவரின் பட்டரி இறங்கும். நாலு கோடு இரண்டாகும், பிறகு ஒன்றாகும், கூட்டத்தில் என் முகம் அப்படியே உறைந்து நிற்கும். திரும்பி வரும்போது பேச்சு வேறு இடத்தில் இருக்கும். சம்பள உயர்வு நேரத்தில் "நீர் கூட்டங்களில் கதைப்பதே குறைவு" என்றார்கள்.

வீட்டுக்குள்ளே இன்னொரு பிரச்சினை. வேலைநேரம் என்று சொன்னாலும் "வீட்டிலதானே இருக்கிறாய், வந்த ஆட்களுக்குத் தேத்தண்ணி போடு" என்பார்கள். தம்பி அதே லப்ரொப்பில் கேம் விளையாடினால் "படிக்கிறான், குழப்பாதே" என்பார்கள். கடைசியில் வவுனியா டவுனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே பைபர் இன்ரநெற் இருக்கிறது, கதவைப் பூட்டலாம். என்னோடு படித்த பிள்ளைகளும் அப்படித்தான், ஊருக்குத் திரும்பவில்லை, ஊருக்குக் கிட்ட உள்ள டவுனுக்குத் திரும்பினார்கள். வீட்டிலிருந்து வேலை கிராமத்தை எழுப்பும் என்பவர்கள் முதலில் நெடுங்கேணி வீதியில் ரவர் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கராயன் கமக்காரன்

பிள்ளை சொன்னதில் இருந்தே தெரிகிறது. எல்லாரும் டவுனுக்கு வருகிறீர்கள். அதனால்தான் டவுனில் காணி விலை ஏறியது. நான் முதலே சொன்னேன்.

நெடுங்கேணி மகள்

நான் வாடகை அறையில் இருக்கிறேன் ஐயா. காணி வாங்கவில்லை. நான் எழுதியதில் காணி என்ற சொல்லே இல்லை.

வெள்ளவத்தை வாசி

தங்கச்சியின் அனுபவம் நான் சொன்ன ஆராய்ச்சிக்கு ஒத்துப்போகிறது. தூரக் கிராமத்துக்கு இல்லை, கிட்ட உள்ள டவுனுக்கு. இன்னொன்றும் சொல்லவேண்டும். 2020இல் டிங்கல், நீமன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவிலேயே வீட்டில் இருந்து செய்யக்கூடிய வேலைகள் 37 வீதம்தான். வருமானம் குறைந்த நாடுகளில் அதைவிடக் குறைவு. வன்னியில் வயல், கடல், மேசன் வேலை, ஆடைத் தொழிற்சாலை. இதில் எதை லப்ரொப்பில் செய்வது? கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்து ஊர் மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

வட்டக்கச்சியான்

கொஞ்சப் பேர் என்றால் காணி விலையை எப்படி நாங்கள் ஏற்றினோம்? உங்களுக்குள்ளேயே முதலில் முடிவெடுங்கள். அக்கராயன் ஐயா நாங்கள் ஊரையே வாங்கிவிட்டோம் என்கிறார். வெள்ளவத்தை ஐயா நாங்கள் இல்லவே இல்லை என்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.

கொஞ்சப் பேர் என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்று யாரும் எழுதவேண்டாம். ஒத்துக்கொள்ளவில்லை. 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டம் முழுக்க ஒரு இலட்சத்து 13 ஆயிரம் பேர். வெள்ளவத்தையில் நூறு பேர் வந்தால் ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவு சின்ன மாவட்டத்தில் நூறு பேர் மாதச் சம்பளத்தோடு ஊரிலேயே தங்கினால் ஒவ்வொரு சந்திக்கும் தெரியும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வருஷா வருஷம் அங்கே பிள்ளைகள் பட்டம் முடிக்கிறார்கள். முடித்த அடுத்த கிழமை கொழும்பு பஸ் ஏறுவதுதான் வழக்கம். அதில் கொஞ்சப் பேர் ஏறாமல் நின்றால் அது பெரிய விஷயம். அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது. விளையாட்டுக் கழகத்துக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலும் ஆள் இருக்கிறது. செத்தவீட்டுக்குப் பந்தல் போட ஆள் இருக்கிறது. உங்கட 37 வீதத்தில் இது வராது.

காணிக்கு வருகிறேன். இங்கே கனக்க இருப்பது பேர்மிட் காணி, அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்தது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது. அந்தக் காணியை வைத்து வங்கிக் கடனும் லேசில் எடுக்க முடியாது. சுதந்திரமாக விற்று வாங்கக்கூடிய உறுதிக்காணி என்று இருப்பது கொஞ்சம். அதற்கு எல்லாரும் அடிபட்டால் விலை ஏறத்தான் செய்யும். மிச்சத்தில் வனவளத்திணைக்களம் எல்லைக்கல் போடுகிறது, இராணுவம் பிடித்த காணி இன்னும் முழுக்க விடவில்லை. 2025 மார்ச் 28 வர்த்தமானியில் வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரிமை கோரச் சொல்லி, கோராவிட்டால் அரச காணி என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்த பிறகுதான் மீளப்பெற்றார்கள். காணி இல்லாததற்குக் காரணம் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மூன்றரைக்கு எழும்புகிற என்னைப் பிடிக்கிறீர்கள்.

அக்கராயன் கமக்காரன்

சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. பேர்மிட் காணி விற்க ஏலாது என்பது கடதாசியில். கைமாறுவது எப்படி என்று ஊருக்கே தெரியும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, "பராமரிக்கக் கொடுத்தேன்" என்பார்கள். அப்படிக் கைமாறிய காணியில் மாடி எழும்புகிறது. ஏசி போட்ட அறை, இரவு முழுக்க வெளிச்சம். லண்டனில் காலை 9 மணி, இங்கே பகல் ஒன்றரையோ இரண்டரையோ. அந்த வீட்டுக்காரன் பின்னேரம் வேலை தொடங்கி இராப் பத்து மணி தாண்டியும் இருக்கிறான். அவன் கனடாக்காரனா? இல்லை. அவன் யார் என்று நான் பெயர் சொல்லவில்லை, உமக்குத் தெரியும்.

வட்டக்கச்சியான்

எனக்குத் தெரியாது. ஒரு வீட்டைக் காட்டி மாவட்டத்துக்கே விலை சொல்கிறீர்கள்.

நெடுங்கேணி மகள்

பேர்மிட் காணி பற்றிக் கதைக்கிற எல்லா ஆண்களுக்கும் ஒரு தகவல். 2022ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தும் வரை அந்தக் காணியின் வாரிசு ஒழுங்கில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். என் சம்பளத்தில் எங்கட வீட்டுக் கூரை ஓடு மாற்றினேன். அந்தக் காணி தம்பியின் பெயருக்குப் போகும் என்றுதான் வீட்டில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் பங்கு இல்லை. இதற்கு ஒருவராவது பதில் எழுதுங்கள்.

ஸ்காபரோ மல்லாவி

தங்கச்சி, அது வேறு பிரச்சினை. இங்கே கேள்வி காணி விலையை யார் ஏற்றியது என்பது. இன்னும் எனக்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்புறம் வரியைப் பற்றியும் கேட்கவேண்டும். நாங்கள் இங்கே உழைப்பதில் மூன்றில் ஒன்று வரியாகப் போகிறது. உங்கட பெடியள் டொலரில் எடுத்து ஒரு சதம் வரி கட்டுவதில்லை என்று கேள்வி.

வட்டக்கச்சியான்

உங்கட கேள்வி பழையது. 2025 ஏப்ரல் 1இல் இருந்து வெளிநாட்டுக்குச் செய்கிற சேவை வருமானத்துக்கு 15 வீதம் வரை வரி. மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேலே போனால் கட்டவேண்டும். வருகிற காசுக்கு வங்கி ஒரு பக்கம் வெட்டும், இடையில் இருக்கிற பணம் மாற்றுகிற நிறுவனம் ஒரு பக்கம் வெட்டும். பேபாலில் இலங்கைக்குக் காசு எடுக்க ஏலாது, அதனால் சுற்றிவளைத்து எடுக்கவேண்டும். ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி இல்லை, சம்பளத்தோடு லீவு இல்லை. வங்கிக்குக் கடன் கேட்கப் போனால் "சம்பளக் கடிதம் எங்கே, கந்தோர் எங்கே" என்கிறார்கள். லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கக்கூட அரச உத்தியோகம் பார்க்கிற மச்சான் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவனா காணி விலையை ஏற்றுகிறவன்?

2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, நல்லகாலம் அது ஞாயிற்றுக்கிழமை. கிழமை நாளாக இருந்திருந்தால் எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்திருப்பார். அந்தப் பயத்தோடு வேலை செய்கிறோம். ஸ்ரார்லிங்க் என்கிற செய்மதி இன்ரநெற் 2025 ஜூலையில் வந்தது, அதை வாங்க எல்லாரிடமும் காசு இல்லை.

நல்லூரடி

அரச உத்தியோகம் பார்க்கிற மச்சானின் கையெழுத்து வேண்டும், ஆனால் அரச உத்தியோகத்தர் ஊருக்குப் பயனில்லை. நன்றாக இருக்கிறது.

வட்டக்கச்சியான்

மச்சான் வட்டக்கச்சியில்தான் இருக்கிறார். நாலு மணிக்கு ஆனையிறவு தாண்டுவதில்லை.

நல்லூரடி

யாழ்ப்பாணத்தார் என்றால் உங்களுக்கு எப்போதும் ஒரு கடுப்பு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கேட்ட நேரமும் இதே கதைதான். குடிக்கத் தண்ணி கேட்டதற்கு எதிரி மாதிரிப் பார்த்தீர்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிற நிலைக்கு எங்களைத் தள்ளினீர்கள்.

அக்கராயன் கமக்காரன்

அதைத் தொடாதேயும்! குளத்தில் தண்ணி இல்லாத வருஷம் சிறுபோகத்தைக் குறைத்து, பங்கு பிரித்து விதைத்தவர்கள் நாங்கள். எங்களுக்கே காணாத தண்ணியைக் குழாயில் கொண்டுபோகக் கேட்டால் சும்மா இருப்பதா? தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்தாச்சு, இனி என்ன குறை?

நெறியாளர்

மாவட்டம் சொல்லித் திட்டுவதை நிறுத்துங்கள். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். தலைப்புக்குள் நில்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி

நீக்கியது என்னுடையது. அதில் திட்டு எதுவும் இல்லை. புளூமின் 2024ஆம் ஆண்டு ஆய்வைத்தான் எழுதினேன். சீனாவின் ட்ரிப்.கொம் கம்பனியில் 1,600க்கு மேற்பட்டவர்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கொடுத்துப் பார்த்தார்கள். வேலைத்தரம் குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதோடு வட்டக்கச்சியான் எதையும் வாசிப்பதில்லை என்றும் எழுதினேன். அது திட்டு இல்லை, அவதானிப்பு.

வட்டக்கச்சியான்

வாசித்தேன். அந்த ஆய்வு என் பக்கம் பேசுகிறது. வீட்டில் விட்டால் வேலையை விட்டு ஓடமாட்டான் என்றால், ஊரை விட்டும் ஓடமாட்டான். நான் சொல்வது அதுதான். கொழும்புக் கம்பனிக்காரர் இதை வாசித்து எங்கட பிள்ளைகளுக்கு முழுக்க வீட்டில் இருந்து வேலை கொடுக்கட்டும். நெடுங்கேணித் தங்கச்சி ஏன் வவுனியாவில் வாடகை கட்டவேண்டும்? ரவருக்கு மனுப் போடுங்கள் தங்கச்சி, நானும் கையெழுத்து வைக்கிறேன். அது எல்லாம் சரி வந்தாலும் தரகர் வந்து "ரவர் வந்தது, விலை கூடியது" என்பார், அதற்கும் அக்கராயன் ஐயா என்னைத்தான் கேட்பார்.

நெடுங்கேணி மகள்

மனு ஏற்கெனவே போட்டாச்சு அண்ணை. காணியில் பெண்ணுக்குப் பங்கு பற்றித்தான் கேட்டேன். ரவர் பற்றி இல்லை.

அக்கராயன் கமக்காரன்

நான் கேட்பது ஒரே கேள்வி. மகளுக்குக் காணி வாங்க ஏலாமல் நிற்கிறேன். விலையை ஏற்றினவன் யாரோ, எனக்குப் பதில் சொல்லவேண்டும். கனடாவும் இல்லை, டொலரும் இல்லை, உத்தியோகத்தரும் இல்லை என்றால் விலை தானாக ஏறியதா?

ஸ்காபரோ மல்லாவி

மல்லாவிப் பக்கம் வாருங்கள் ஐயா, இன்னும் நியாயமான விலைக்கு இருக்கிறது. நான் ஒரு ஆளைத் தொடர்புபடுத்துகிறேன்.

வட்டக்கச்சியான்

பார்த்தீர்களா? கடைசியில் தரகர் யார் என்று தெரிந்துவிட்டது.

ஸ்காபரோ மல்லாவி

உதவி செய்ய வந்தவனைத் தரகர் என்கிறீர். நெறியாளர் இதை நீக்கவேண்டும்.

நல்லூரடி

இரணைமடு பற்றி நான் எழுதியதற்கு இன்னும் நேரான பதில் இல்லை.

அக்கராயன் கமக்காரன்

இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று குளக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அங்கே எழும்பி நின்று கேளும், பதில் கிடைக்கும். கூட்டம் பின்னேரம்தான் முடியும், நாலு மணி பஸ்சை விடவேண்டி வரும்.